பிஎச்ஐ வருமுன் குசினியில் பார்க்க வேண்டியவை

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) சாப்பாட்டுக் கடைக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவர் உள்ளே வரலாம், மாதிரி எடுக்கலாம், பழுதான உணவைக் கைப்பற்றலாம். ஆகவே காலையில் கழுவிவிட்ட குசினியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு, சாப்பாடு விறுவிறுவென்று போகும்போது ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குறைகள் அப்போதுதான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் முதல் வேலை கிணறு. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியின் கழிவு கல்வெடிப்புகள் வழியே வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வந்துவிடும். குழி 50 அடி தள்ளித்தானே இருக்கிறது என்று நம்பியிருக்க முடியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்) கிருமி அதில் இருக்கலாம். மேல்தாங்கியில் 1000 லீற்றருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். தூளை அப்படியே கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரைமணி கழித்துக் குழாயில் சோதித்தால் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் பெரும்பாலும் தூள்தான் பிழை: பையைத் திறந்தபடி வைத்தால் வீரியம் போய்விடும். தண்ணீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று உப்பைக் குளோரினும் நீக்காது, கொதிக்கவைப்பதும் நீக்காது. அதற்குத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்தது சூடு. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி பெருகும். கறியும் சொதியும் 60க்கு மேல் நிற்கட்டும். தேங்காய்ச் சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். பின்னேரம் வரை மேசையில் கிடந்த சம்பலைக் கொட்டிவிடுங்கள்.

மிகவும் கவனம் வேண்டியது பிரைட் றைஸுக்கென்று முன்கூட்டியே அவித்த சோறு. பெரிய சட்டியில் மூடிவைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் கைவைத்தால் மணிக்கணக்காக இளஞ்சூடு இருக்கும். அந்தச் சூட்டில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி நச்சை உருவாக்கும். பிறகு எவ்வளவு எரியும் தாச்சியில் வறுத்தாலும் அந்த நச்சு அழியாது. சோற்றை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்புங்கள். இரண்டு மணிநேரத்தில் 21 பாகைக்கும், அடுத்த நான்கு மணிநேரத்தில் 5 பாகைக்கும் இறங்கவேண்டும். வெப்பமானியை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்டாவிட்டால் அதை நம்பவேண்டாம்.

பிரிட்ஜில் மீனும் இறைச்சியும் எப்போதும் அடித்தட்டில், சமைத்தது மேலே. சூரை மீன் வந்தவுடனே ஐஸில் போகவேண்டும். வெயிலில் கிடந்து ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டானால் சமைத்தாலும் தீராது. அரிசி, மா மூட்டைகளை நிலத்திலிருந்து அரை அடி உயர்த்திச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள், எலிப் புழுக்கை தெரியும்.

மேசை துடைக்கும் துணியை மணந்து பாருங்கள். கெட்ட மணம் வந்தால் அது கிருமியைத்தான் பூசிக்கொண்டிருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 வீதப் பிளீச் 4 மில்லிலீற்றர் கலந்து அதில் ஊறவைத்து, அழுக்கானதும் தண்ணீரை மாற்றுங்கள். கை கழுவும் தொட்டியில் கோப்பை கழுவக்கூடாது. பக்கத்தில் சவர்க்காரம் இருக்கவேண்டும்.

வியாபார அனுமதிப்பத்திரம், வேலையாட்களின் மருத்துவச் சான்றுகள், நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி அட்டைகள், தண்ணீர் அறிக்கை எல்லாம் ஒரே கோப்பில், காசாளர் மேசையில் இருக்கட்டும். பிஎச்ஐ குறை எழுதித் தந்தால், ஒவ்வொன்றையும் திருத்திய திகதியையும் படத்தையும் அதே கோப்பில் சேர்த்துவிட்டு, மறுபடி வந்து பார்க்கும்படி நீங்களே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்.