கால் கிலோ பீன்ஸ் நாலு பேருக்குக் காணாது: காய், பழம் விஷயத்தில் வீடுகளில் நடக்கும் தவறுகள்

நாலு பேர் இருக்கும் வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்தால், காம்பும் நாரும் போக ஆளுக்கு 55 கிராம் தேறும். சமைத்தவர் கடைசியாக உட்காரும்போது வாணலியில் ஒட்டிய தேங்காய்த் துருவல்தான் மிஞ்சியிருக்கும். இந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் "காய் இல்லாமல் ஒரு நாளும் சமைப்பதில்லை" என்பார்கள். அது பொய்யில்லை. காய் தினமும் இருக்கிறது, அளவுதான் இல்லை.

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேராது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது: கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம்.

குறைந்தபட்ச அளவையே எடுத்துக்கொண்டாலும் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வருகிறது. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் வெங்காயமும் தக்காளியும் காய்தான். சாம்பார், ரசம், சட்னி என்று அவை தினமும் 350 கிராமாவது போகின்றன. பழத்துக்கு 400 கிராம் ஒதுக்கினால், மீதி 850 கிராம். அரைக் கிலோவுக்குப் பொரியலோ கூட்டோ, கால் கிலோவுக்குக் குழம்புக் காய், ஒரு வெள்ளரிக்காய். முடிந்தது. இவை நறுக்கிய எடை என்பதால் வாங்கும்போது தோலுக்கும் காம்புக்கும் கொஞ்சம் கூட்டி வாங்க வேண்டும். முருங்கைக்காயில் பாதிக்கு மேல் சக்கையாகத் துப்பிவிடுகிறோம், வாழைப்பூவில் மடலே பெரும் எடை. பீர்க்கங்காயும் கீரையும் வதங்கிச் சுண்டிவிடுகிற ஜாதி. நறுக்கிய எடை சரியாக இருந்தாலும் பரிமாறும்போது போதாதது போலத் தெரியும்.

தவறான கணக்கு இன்னும் சில உண்டு. உருளைக்கிழங்கு வறுவல் வைத்த நாளை "காய் செய்த நாள்" என்று எழுதிக்கொள்வது அதில் முதன்மையானது. ஊறுகாயைக் காயாக எண்ணுவது, சாம்பாரில் இரண்டு துண்டு கத்தரிக்காய் மிதந்தால் போதும் என்று விடுவது, இவையும் அதே வகை.

புதுப் பதார்த்தம் தேடுவது

காய் அதிகம் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் செய்வது, யூடியூபில் பார்த்த சாலட்டை வீட்டுக்குக் கொண்டுவருவது. இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் ப்ரோக்கோலி மஞ்சளடித்துக் குளிர்பெட்டியில் கிடக்கும். வீட்டில் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடும் பதார்த்தத்தில் காயின் விகிதத்தைக் கூட்டுவதுதான் நிற்கும் வழி.

நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு என்றால், காய் 300 கிராம் வரை தாங்கும். புளியையும் உப்பையும் மட்டும் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டுக்கு 50 கிராம் பாசிப்பருப்பில் அரைக் கிலோ புடலங்காயோ சௌசௌவோ போகும். ரவை உப்புமாவில் ஒரு டம்ளர் ரவைக்கு ஒன்றரை டம்ளர் நறுக்கிய காய் போடலாம், தண்ணீரைக் கூட்ட வேண்டாம், காயே விடும். அடை மாவில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை.

காலைப் பலகாரம்தான் நம்மிடம் காயே இல்லாத வேளை. இட்லி, தோசைக்குத் தேங்காய்ச் சட்னியை மட்டும் நம்பாமல், பீர்க்கங்காய்த் துவையல், சுரைக்காய்ச் சட்னி, கத்தரிக்காய் கொத்சு என்று வாரத்தில் மூன்று நாள் மாற்றினால் காலையிலேயே ஆளுக்கு 60, 70 கிராம் சேர்ந்துவிடும். பீர்க்கங்காய்த் தோலையும் சௌசௌ தோலையும் குப்பையில் போடுகிறவர்கள் நல்ல துவையலைக் குப்பையில் போடுகிறார்கள்.

பரிமாறும் வரிசையும் முக்கியம். இலையில் பொரியலும் கூட்டும் விழுந்த பிறகுதான் சோறு வரும். தட்டுக்கு மாறியதும் அது தலைகீழானது: நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். காயை முதலில் வைத்து, மிச்ச இடத்தில் சோறு வைத்தால் யாரும் சொல்லாமலே சோறு குறையும்.

அடுப்பில் கெடுவது

"எங்க வீட்டில் முட்டைக்கோஸ் யாருக்கும் பிடிக்காது" என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கோஸ் இல்லை, வேகவைத்த நேரம். கோஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதிக நேரம் வெந்தால் சிதைந்து அந்த அழுகிய வாடையை விடுகின்றன. குக்கரில் இரண்டு விசில் விட்டால் வீடு முழுக்க அதே மணம்தான். மெல்லியதாக நறுக்கி, தாளித்த எண்ணெயில் போட்டுப் பிரட்டி, ஒரு கை தண்ணீர் தெளித்து, ஐந்தாறு நிமிடத்தில் கொஞ்சம் நறுக்கென்று இருக்கும்போதே இறக்குங்கள். காலிஃபிளவருக்கும் இதே விதிதான்.

வெண்டைக்காயின் வழவழப்புக்குத் தண்ணீரும் மூடியும் காரணம். முழுதாகக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்க வேண்டும். அகலமான வாணலியில் மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டுக் கொழகொழத்துவிடும். அப்படியும் வழவழத்தால் ஒரு ஸ்பூன் தயிரோ கொஞ்சம் புளிக்கரைசலோ விட்டால் அறுந்துவிடும்.

கீரையின் பச்சை நிறம் மாறாமல் இருக்க ஆப்பசோடா போடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நிறம் நிற்கும், ஆனால் வைட்டமின் சியும் பி1உம் சோடாவின் காரத்தன்மையில் அழியும். மூடாமல் வேகவைத்தாலே போதும். கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறுவதால் நிறம் அதிகம் கறுக்காது. வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதிலேயே கடையுங்கள். தாளிப்பு எண்ணெயும் தேவைதான். கீரையின் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அந்தப் பலன் பெருமளவு போய்விடும், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கீரையைக் கழுவுவதிலும் ஒரு நுணுக்கம். பலர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, அப்படியே வடிதட்டில் கவிழ்க்கிறார்கள். அடியில் படிந்த மண் திரும்பவும் கீரைமேல் விழுகிறது. அலசிய பிறகு கீரையை மட்டும் இரு கையாலும் அள்ளி எடுத்து வேறு பாத்திரத்தில் போட வேண்டும். அடித்தண்ணீரில் மண் தட்டாமல் போகும் வரை மூன்று முறை, மழைக்காலத்தில் நாலு முறை. கழுவிய பிறகே நறுக்க வேண்டும். எந்தக் காய்க்கும் இது பொருந்தும்: நறுக்கிய பிறகு ஊறவிட்டால் நீரில் கரையும் சத்துகள் தொட்டிக்குத்தான் போகும். கறுத்துவிடும் என்பதால் வாழைத்தண்டு, வாழைப்பூ, கத்தரிக்காய் மட்டும் விலக்கு. காயைச் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டிய பூச்சிமருந்தில் ஒரு பகுதி போகும். காலிஃபிளவருக்கு மட்டும், புழு வெளியேற, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம்.

ஆய்வது யார்?

காய் குறைவதற்கு ருசியைவிட நேரம்தான் பெரிய காரணம். ஒரு கட்டு அரைக்கீரையை ஆய அரை மணி, சின்ன வெங்காயம் உரிக்கக் கால் மணி. காலை ஆறரைக்கு அந்த வேலை ஒருவர் தலையிலேயே விழுந்தால், அவர் உருளைக்கிழங்கைத்தான் எடுப்பார். இதற்கு ஊட்டச்சத்துப் பாடம் தீர்வாகாது. முந்தின நாள் இரவு டிவி முன்னால் உட்காரும் நேரத்தில் ஆளுக்கொரு தட்டு கொடுங்கள். பீன்ஸ் நார் எடுக்கவும் கீரை ஆயவும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் முடியும், வேலைவிட்டு வந்த அப்பாவுக்கும் முடியும்.

பீன்ஸ், அவரை, கோவைக்காய், கேரட் ஆகியவற்றை இரவே நறுக்கி, ஈரமில்லாத மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கலாம். சத்து கொஞ்சம் குறையும்தான், ஆனால் காயே இல்லாத மதியத்தைவிட அது எவ்வளவோ மேல். கீரையை ஆய்ந்து வைக்கலாம், நறுக்கக் கூடாது. கத்தரிக்காயையும் வாழைக்காயையும் சமைக்கும்போதுதான் தொட வேண்டும். முருங்கைக்கீரையை ஈர்க்கோடு துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை உதிரும்.

மதியச் சாப்பாட்டு டப்பாவில் பொரியல் ஊசிப்போகிறது என்றால் இரண்டைப் பாருங்கள். சூடாக மூடினால் ஆவி நீராகி விழுந்து கெடுக்கும். பத்து நிமிடம் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தேங்காய் போட்ட பொரியல் மதியத்துக்குள் புளித்துவிடும், அந்த மாதங்களில் தேங்காயைத் தவிர்த்து வேர்க்கடலைப் பொடி தூவலாம். வெள்ளரித் துண்டில் உப்புத் தடவி அனுப்பினால் டப்பாவில் தண்ணீர்தான் இருக்கும்.

வாங்கி வைப்பது

ஞாயிறன்று பை நிறைய வாங்கி, வியாழக்கிழமை பாதியைத் தூக்கிப் போடுவது வரிசை தெரியாததால் வருவது. கீரை, வெண்டை, புடலை முதல் இரண்டு மூன்று நாளில் தீர வேண்டும். பீன்ஸ், அவரை அதற்குப் பிறகு. கோஸ், கேரட், பீட்ரூட், சௌசௌ வாரக் கடைசி வரை தாங்கும், முழுப் பூசணியோ மாதக்கணக்கில்.

வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடுகின்றன. அவற்றோடு வைத்த கீரையும் வெள்ளரியும் மஞ்சளாகும், ஆப்பிள் பக்கத்தில் வைத்த கேரட் கசக்கும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டால் சீக்கிரம் முளைவிடும். கீரையைக் கழுவாமல், வேரை வெட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு வைத்த கீரைதான் மறுநாளே அழுகுகிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. விடிகாலையில் போனால் கீரை புதிதாகக் கிடைக்கும், விலைப்பலகையும் கண்ணெதிரில் இருக்கும்.

பிள்ளைகளிடம்

"காயைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசினால், காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. ஒரு காயைப் பத்து, பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில குழந்தைகள் வாயில் வைப்பார்கள். பெரும்பாலான வீடுகள் மூன்றாம் முறையே "அவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுகின்றன. ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள், சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். அப்பா பாகற்காயை ஒதுக்கிவைக்கும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் உபதேசம் செய்து பயனில்லை. அரைத்து மாவில் கலப்பது தவறில்லை, ஆனால் அதையே நம்பினால் அந்தக் காயின் உருவத்தோடு பழக்கமே வராது.

ஐந்து வயதுக்குக் கீழே முழுத் திராட்சை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். பச்சைக் கேரட்டைத் துருவிக் கொடுங்கள்.

பழம்

நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் பூஜைக்கும் மட்டும் பழம் வாங்குவது நம்மில் பலரின் வழக்கம். அப்போதும் கை ஆப்பிளுக்குத்தான் போகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் கொய்யாவில் ஆரஞ்சைவிட மூன்று நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலை ஆப்பிளைவிட மிகக் குறைவு. ஆளுக்கு 100 கிராம் என்பது ஒரு நடுத்தரக் கொய்யா, அல்லது இரண்டு ஏலக்கி வாழைப்பழம், அல்லது பப்பாளியில் ஒரு கிண்ணம். நாலு பேருக்கு வாரத்துக்கு ஒரு பெரிய பப்பாளி, இரண்டு சீப்பு வாழை, ஒரு கிலோ கொய்யா இருந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகும். ஆனியில் நாவல், ஆவணியிலிருந்து சீதா என்று பருவத்தோடு மாற்றிக்கொள்ளலாம். வாழைச்சீப்பை மேஜைமேல் வையுங்கள், பப்பாளியை நறுக்கிக் கண்ணில் படும் தட்டில் வையுங்கள். நறுக்காத பப்பாளியை யாரும் தொடமாட்டார்கள்.

சாறாக்கி வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று பழம் ஆகும். மூன்றையும் உரித்துச் சாப்பிடுகிறவர் அரிது, குடிப்பது அரை நிமிட வேலை. அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தை விட வேண்டியதில்லை, சாற்றை விட வேண்டும். கொய்யாவோ பப்பாளியோ ஒரு வேளைக்கு 100 கிராம், சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில்.

அளவை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவுகள் பொருந்தாது, பொட்டாசியம் ஏறும் அபாயம் உண்டு. எந்தக் காய், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும், ஆகவே வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கட்டும்.