கரும்பொருள் ஆராய்ச்சிக்கு வர ஆசையா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

கரும்பொருளில், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருளில், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று வரும் மாணவர்களுக்கு நான் புத்தகப் பட்டியல் கொடுப்பதில்லை. ஒரு கணக்குத்தான் கொடுப்பேன்.

ஸ்பார்க் தரவுத்தொகுப்பு இணையத்தில் இலவசம். 175 விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வேகங்கள் அதில் உள்ளன. அதில் என்ஜிசி 3198 என்ற மண்டலத்தை எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் நிறை மட்டுமே இருந்தால், வெளியே போகப்போக வேகம் குறைய வேண்டும். ஆனால் மையத்திலிருந்து 30 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) தொலைவிலும் நொடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். வேகத்தின் இருமடியை (வர்க்கத்தை)த் தொலைவால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுங்கள். இந்த அலகுகளில் மாறிலி, 4.3-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் வரும் எண். அந்தத் தொலைவுக்குள் இருக்கும் மொத்த நிறை, ஏறக்குறைய 16,000 கோடி சூரியன்களின் நிறை, வரும்.

அப்புறம், அதே கோப்பில் வாயுவுக்கும் விண்மீன்கள் நிறைந்த வட்டுக்கும் தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) இருக்கும்; அவற்றின் ஈர்ப்பு மட்டும் தரும் வேகங்கள் அவை. வேகங்களை அப்படியே கூட்டாதீர்கள், இருமடிகளைக் கூட்டுங்கள். வட்டின் இருமடியை மட்டும் 0.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், அந்தப் பத்தி, நிறைக்கும் ஒளிக்கும் விகிதம் ஒன்று என்று வைத்துப் போட்டது. அளந்த வேகத்தின் இருமடியில் இதைக் கழித்தால் மிஞ்சுவது கரும்பொருளின் பங்கு; அதுதான் நம் பிழைப்பு.

இது பிடித்திருந்தால் பைத்தான், புள்ளியியல், பொதுச் சார்பியல் மூன்றையும் படியுங்கள். ஜெஸ்ட் என்ற முனைவர் பட்ட நுழைவுத் தேர்வை எழுதுங்கள்; சென்னை கணித அறிவியல் நிறுவனம் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு சில வருடம் நாடு நாடாகத் தற்காலிக வேலைதான், வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். கரும்பொருள் எதனால் ஆனது என்பதற்குச் சொல்லப்படும் விம்ப், ஆக்சியான் போன்ற கற்பனைத் துகள்களில் ஒன்றையே கட்டிக்கொண்டு அழாதீர்கள். இதுவரை எதுவும் சிக்கவில்லை.