மட்டக்களப்புக்கு ஒரு தொழிற்சாலையை வரவழைக்க மானியம் கேட்பது எப்படி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு தொழிற்சாலை வர வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'கொம்பனிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?' என்பதைத்தான். கச்சேரியின் திட்டமிடல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற என்னிடம், வர்த்தக சங்கத்துப் பிள்ளைகளும் புதிதாகச் சபைக்குத் தெரிவானவர்களும் அதே கேள்வியோடுதான் வருகிறார்கள். நான் சொல்வது இதுதான்: கொம்பனியின் கைக்குப் போகும் பணத்தைக் கடைசியில் வையுங்கள், கொஞ்சமாகவும் வையுங்கள். பெரும்பங்கு மின்கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் பயிற்சிக்கும் போகட்டும். அந்தக் கொம்பனி கதவைச் சாத்திவிட்டுப் போனாலும் அடுத்தவன் வந்து பாவிக்கலாம்.

சரி, பணம் யாரிடம் இருக்கிறது? மாநகர சபையிடம் இல்லை. சோலைவரி வருமானத்தில் குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்குக்குமே இழுபறி. முதலீட்டுச் சபையிடம் போனால் கையில் காசு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1978இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவாகத் தொடங்கி 1992இல் இன்றைய பெயருக்கு மாறிய அந்தச் சபை தருவது பெரும்பாலும் வரிச் சலுகையும் சுங்கத் தீர்வைச் சலுகையும்தான். ஆகவே 'தொழிற்சாலை மானியம்' என்ற பெயரில் ஒரு பெட்டி எங்கும் வைக்கப்பட்டிருக்கவில்லை. அமைச்சு ஒன்றின் மூலதன ஒதுக்கீட்டில் றோட்டு, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசில் மாகாணத்துக்கு வரும் பி.எஸ்.டி.ஜி எனும் மாகாண அபிவிருத்தி மானியப் பணத்தில் வடிகால், வெளிநாட்டு உதவித் திட்டமொன்றில் பயிற்சி என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளை ஒரே இடத்துக்கு, ஒரே ஆண்டுக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் பைலின் வேலை.

இப்படி நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. யுத்தம் முடிந்த காலத்தில் புணானையில் பிராண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலை வந்தது அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டோடு கூட்டுச் சேர்ந்துதான். அதற்கும் முன்னால், 1992இல் பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தில், ஊர்ப்புறத்தில் ஆளுக்கு 500 பேருக்கு வேலை கொடுக்க வந்த முதலாளிகளுக்கு ஏற்றுமதிக் கோட்டா, அதாவது வெளிநாட்டுச் சந்தைக்கு இவ்வளவு ஆடை அனுப்பலாம் என்ற அனுமதி, கிடைத்தது. கஷ்டப் பிரதேசத்துக்குப் போனால் கோட்டா கூடுதல். அரசாங்கம் ரொக்கமாக அள்ளிக் கொடுக்காமலே முதலாளிமார் காட்டுக்கும் போனார்கள். ஆனால் 2005 ஜனவரி முதலாம் திகதி உலகளவில் அந்தக் கோட்டா முறையே முடிந்துபோனது. எதைக் காட்டி ஒருவரைக் கூப்பிடுகிறோமோ, அது இல்லாமல் போகும் நாளில் அவர் ஏன் இங்கே இருக்க வேண்டும் என்பதற்கான பதிலை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு பக்கம் இல்லாத கோரிக்கையை நான் மேலே அனுப்பியதில்லை.

மானியம் இல்லாவிட்டாலும் கொம்பனிக்காரர் வருவாரா?

கோரிக்கையில் கஷ்டமான பகுதி இது. பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெரிக்காவின் அப்ஜோன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த திமொதி பார்ட்டிக் என்ற பொருளியலாளர் 2018இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார். மானியம் வாங்கிய கொம்பனிகளில் 100க்கு 2 முதல் 25 வரைதான் அந்த மானியத்துக்காக இடத்தைத் தெரிவு செய்தவை என்பது அவர் கண்டது. மற்றவை மானியம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும், அல்லது அதேபோல ஏதாவது செய்திருக்கும்.

அதனால் கொம்பனிக்காரரிடம் 'எவ்வளவு வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'வேறு எந்த ஊரைப் பார்க்கிறீர்கள்? அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இல்லை?' என்று கேளுங்கள். கிளிநொச்சியைப் பார்க்கிறேன் என்று சொன்னால் அது வெறும் பேரம் இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், 30 இலட்சம் டொலருக்கு மேல் இயந்திரமும் கட்டடமும் போடுகிறவருக்கு வடக்கு மாகாணத்தில் 200 வீத மூலதனக் கழிவு, அதாவது போட்ட முதலைக் கணக்கிட்டு வரிக்குரிய இலாபத்திலிருந்து கழிக்கும் சலுகை, எழுதப்பட்டது. கிழக்குக்கு அந்த விசேஷம் இருக்கவில்லை, மற்ற மாகாணங்களைப் போல 100 வீதம்தான். நாங்களும் அதே யுத்தத்தில் இருந்தவர்கள்தானே என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியது, உங்கள் பைலுக்குள் அழுது பயனில்லை. அந்த வரிக் கழிவு இலாபம் வந்தால்தான் உதவும். முதல் இரண்டு மூன்று வருடம் இலாபமே காணாத கொம்பனிக்குப் பக்கத்தில் 33 கேவி மின்சார லைன் இருப்பதுதான் பெரிய சலுகை. நாம் போட்டி போடக்கூடிய இடம் அது.

அவர் சொல்லும் குறைகளை எழுத்தில் வாங்குங்கள். கொழும்புத் துறைமுகத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் கொள்கலன் போக வேண்டும் என்பார். மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் றோட்டை மூடினால் கப்பலைத் தவறவிடுவேன் என்பார். இவற்றில் எதை உங்களால் தீர்க்க முடியும், எதை முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மகாவலி பெருகுவதை நீங்கள் நிறுத்த முடியாது. ஆனால் வெள்ளக் காலத்தில், செய்து முடித்த சரக்கை வைத்திருக்க ஒரு களஞ்சியம் கட்டலாம். அதை அடுத்த தொழிற்சாலையும் நெல் வியாபாரியும்கூடப் பாவிப்பார்கள்.

நிலத்தில் போடும் காசெல்லாம் நல்ல காசு என்று நான் சொல்லவரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. மணல் வந்து வாயை மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. பாவிக்கப்போகிறவர் யார் என்று தெரியாமல் கட்டினால் இப்படித்தான். ஒரு கொம்பனி எழுத்தில் கேட்டதாக இருக்க வேண்டும், அந்தக் கொம்பனி இல்லாவிட்டாலும் இன்னொருவருக்கு உதவுவதாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தும் வேலையை மட்டும் மதிப்பீட்டில் சேருங்கள்.

காணி, தண்ணீர், ஊர்ச் சனம்

காணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரச காணியை விற்காதீர்கள், குத்தகைக்குக் கொடுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டவர் பங்குள்ள கொம்பனிக்குப் பொதுவாகக் காணியை உரிமையாக எழுத முடியாது. இரண்டு வருடத்துக்குள் கட்டடம் எழும்பாவிட்டால் காணி திரும்பும் என்ற வரி குத்தகையில் இருக்கட்டும். வன இலாகா, தொல்பொருள், கரையோரப் பாதுகாப்பு மூன்றிடமும் பிரதேச செயலாளர் மூலம் முன்கூட்டியே கடிதம் எடுங்கள். கொம்பனிக்காரர் வந்து காணியைப் பார்த்த பிறகு எல்லைக்கல் பிரச்சினை கிளம்பினால் அவர் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்.

தண்ணீர்தான் நம் மாவட்டத்தின் உண்மையான கேள்வி. மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிநீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. அதே குளத்து நீரை நம்பி வயல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் தையல் தொழிற்சாலை என்றால் தண்ணீர் பெரிய விஷயம் இல்லை. சாயமிடுவது, தோல் பதனிடுவது, மீன் பதனிடுவது என்றால் முதல் கூட்டத்திலேயே இரண்டு எண்களை வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கன மீற்றர் தண்ணீர் வேண்டும், எத்தனை கன மீற்றர் கழிவு வெளியேறும். ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயம் என்று பேச்சு எழுந்ததும் ஊரில் எல்லோரும் வேலையைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசச் சொன்னது சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி. அதைப் பொதுச் செலவில் கட்டி, பாவிக்கும் ஒவ்வொரு கொம்பனியிடமும் கன மீற்றருக்கு இவ்வளவு என்று அறவிடுவது மானியத்தைச் செலவிட மிக நல்ல வழிகளில் ஒன்று. வாவிக்குள் சாயத் தண்ணீர் போய் மீன் செத்து மிதந்தால், 300 பேருக்கு வேலை கொடுத்த கதை எதுவும் மீனவர் சங்கத்தில் எடுபடாது.

இதில் ஊர்ச் சனத்தைக் கேட்காமல் நகரக் கூடாது. 2018இல் பெரிய புல்லுமலையில் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராகக் கடையடைப்பு நடந்தது நினைவிருக்கும். நிலத்தடி நீர் போய்விடும் என்ற பயம் அது. அந்தப் பயம் சரியா பிழையா என்று கட்டடம் எழும்பிய பிறகு விவாதிப்பதில் பயனில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், விவசாயச் சம்மேளனம், கோயில், பள்ளிவாசல் எல்லோரையும் கூப்பிட்டு அந்த இரண்டு எண்களையும் வாசித்துக் காட்டுங்கள். கூட்டக் குறிப்பில் எதிர்ப்பையும் அப்படியே எழுதுங்கள். எல்லோரும் ஏகமனதாகச் சம்மதித்தார்கள் என்று எழுதியிருக்கும் குறிப்பைக் கொழும்பில் ஒருவரும் நம்புவதில்லை.

வேலைக்கு வரப்போகிறவர்கள் யார் என்பதும் இங்கேதான் தெரியவரும். ஆடைத் தொழிற்சாலை என்றால் பெரும்பாலும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பெண் பிள்ளைகள். வெல்லாவெளியிலிருந்தும் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். ஜப்பானின் உதவியில் 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு இந்தக் கரைக்கு வருவது எவ்வளவு சுகமானது என்று அந்தப் பக்கத்தாரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாலத்தை எந்தக் கொம்பனியும் கேட்கவில்லை, ஆனால் எந்தக் கொம்பனிக்கும் அது மானியம்தான். ஆகவே பஸ் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகப் போடுங்கள். அறுவடைக் காலத்தில் வருகை குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருதமுனை நெசவாளரும் உள்ளூர் அரிசி ஆலைக்காரரும் 'எங்களுக்கு ஒருநாளும் தராததை வெளியாருக்குத் தருகிறீர்களா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொது வேலைகளில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால் உங்கள் திட்டத்தில்தான் கோளாறு.

கணக்கு

ஓர் உதாரணம் போடுவோம். 300 பேருக்கு வேலை, மொத்தக் கோரிக்கை 150 மில்லியன் ரூபாய். ஒரு வேலைக்கு 5 இலட்சம். ஆளுக்கு மாதம் 40,000 சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்கு 300 பேருக்கும் சேர்த்து 144 மில்லியன். அதாவது நீங்கள் கேட்கும் பணம் கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பளம். தொழிற்சாலை ஒன்றரை வருடத்தில் மூடினால் இந்தச் செலவை எவராலும் நியாயப்படுத்த முடியாது, பத்து வருடம் ஓடினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இந்த இரண்டு வரியையும் நீங்களே எழுதிவிடுங்கள், திறைசேரிக்காரர் எப்படியும் போட்டுப் பார்ப்பார்.

இனிப் பிரிப்போம். மின்சாரம், தண்ணீர், வடிகால், றோட்டுக்கு 85 மில்லியன். பயிற்சிக்கும் முதல் வருடப் பஸ்ஸுக்கும் 25. கொம்பனிக்கு 40. அந்த 40இல் அடிக்கல் நாட்டு விழாவுக்கு ஒரு சதமும் இல்லை. 100 பேர் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த பிறகு 10, 200 பேர் ஆனதும் 15, 300 பேரை ஒரு வருடம் வைத்திருந்தால் மிச்சம் 15.

ஆட்களை எப்படி எண்ணுவது? நியமனக் கடிதத்தை வைத்து எண்ணாதீர்கள், அதை ஒரே நாளில் அச்சடித்துவிடலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் சி படிவத்தை வைத்து எண்ணுங்கள். முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்டிய பெயர்கள்தான் அதில் இருக்கும். இல்லாத ஆளுக்குச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்கைக் கட்ட எந்த முதலாளிக்கும் மனம் வராது.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2017இல் பொக்ஸ்கொன் என்ற தைவான் இலத்திரனியல் கொம்பனி 1,000 கோடி டொலர் முதலீடு, 13,000 வேலை என்று சொல்லி, மாநிலத்திடம் ஏறக்குறைய 300 கோடி டொலர் சலுகைக்குக் கையெழுத்து வாங்கியது. 2021இல் அது 1,454 வேலை, அதிகபட்சம் 8 கோடி டொலர் சலுகை என்று சுருங்கியது. மாநிலத்தின் வரிச் சலுகை வேலையை எண்ணிக் கொடுப்பதாக இருந்ததால் பெரும்பகுதி வெளியே போகவே இல்லை. காணி எடுத்து, றோட்டுப் போட்டு, கடன் பட்ட மவுண்ட் பிளெசன்ட் என்ற சிறிய ஊர்தான் முன்கூட்டியே செலவழித்தது. பிறகு 2023இல் மைக்ரோசொப்ட் அதே இடத்தில் காணி வாங்கியது, அந்த ஊர் ஒருவாறு தப்பியது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி நாம் கடன்பட முடியாது. அதனால்தான் 85ஐயும் ஒரே தடவையில் செலவழிக்காமல், கொம்பனி இயந்திரம் இறக்க வங்கியில் நாணயக் கடிதம் (எல்சி) திறந்த பிறகு இரண்டாம் பாதியைத் தொடங்குங்கள் என்று சொல்கிறேன்.

மானியத்துக்குப் பதிலாகப் பங்கு எடுக்கும் வழியும் இருக்கிறது. மூடிக் கிடந்த ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை 2007இல் கல்லோயா பிளான்டேஷன்ஸ் ஆனபோது அரசுக்கு 51 வீதமும் தனியாருக்கு 49 வீதமும் என்று பிரித்தார்கள். கையில் பழைய கட்டடமோ காணியோ இருந்தால் இதை யோசிக்கலாம். வெறும் பற்றைக்காட்டுக்கு இது சரிவராது.

ஒப்பந்தத்தில் ஐந்து வருடத்துக்குள் போனால் மீதி வருடங்களுக்கு ஏற்ற விகிதத்தில் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி, அதற்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். உத்தரவாதம் இல்லாத திருப்பித்தரும் வாசகம் வெறும் மை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு, நட்டத்தை உத்தியோகத்தர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டி வரலாம். இதைச் சொன்னால் கையெழுத்திட வேண்டியவர் பயந்து 'மறுகா பாப்பம்' என்று பைலை ஒதுக்குவார். அவருக்குத் துணிவு வர ஒரே வழி, ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் எந்தப் படிவம், யார் சரிபார்ப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பைலின் மேலேயே வைப்பதுதான்.

கடைசியாகக் காலம். அரசாங்கத்தின் வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத பணம் திறைசேரிக்குப் போய்விடும். நம் மாரி ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகிறது. ஒதுக்கீடு ஜூனில் கைக்கு வந்து, டெண்டர் செப்டம்பரில் முடிந்தால், வெள்ளத்துக்குள் குழாய் புதைக்கத்தான் போவீர்கள். அதனால் அடுத்த வருடத்துக்கான முன்மொழிவு கேட்டு நடுவருடத்தில் சுற்றறிக்கை வருவதற்கு முன்பே மின் விநியோக நிறுவனம், நீர் வழங்கல் சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை மூன்றினதும் மதிப்பீடு கையில் இருக்க வேண்டும். மண் வேலையை பெப்ரவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் போடுங்கள், டெண்டர் ஆவணத்தை முந்திய மாரியிலேயே தயாரித்து வையுங்கள். கோரிக்கையை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைத்து நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றிய பிறகு, ஒரு பிரதி அரசாங்க அதிபருக்கு, ஒன்று மாகாணப் பிரதம செயலாளருக்கு, ஒன்று அமைச்சுக்கு. மூன்றிலும் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். இடமாற்றம் வந்து புது ஆள் கதிரையில் இருந்ததும் முதலில் கேட்பது அந்த முத்திரையைத்தான்.