குடல் பாக்டீரியாவுக்குச் சோறு போடுவது எப்படி?

பல்வலிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்ததும் வயிறு ஒரு மாதிரி ஆகிவிடும், உடனே மருந்துக்கடையில் நல்ல பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாட்டிக் கேப்சூல் ஒரு அட்டை வாங்கி வந்துவிடுவோம். அதை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். குடலில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்பது மட்டுமல்ல, நாம் போடுவதைத் தின்றுவிட்டு அது எதை உண்டாக்குகிறது என்பதும் ரொம்ப முக்கியம்.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடல் வரை வந்து சேர்கிறது. அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. பியூட்டிரேட்டை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். 2013-ல் எலிகளில் நடந்த ஆய்வுகளில், அது கிடைக்கும்போது குடலில் ரெகுலேட்டரி டி செல்கள் பெருகுவதும் தெரியவந்தது. நோய் எதிர்ப்புப் படை கண்டதையெல்லாம் எதிரி என்று அடிக்கப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்துகிற செல்கள் அவை. தீனியே போடாவிட்டால் என்ன ஆகும்? நார்ச்சத்து இல்லாமல் வளர்த்த எலிகளில், பாக்டீரியா குடலைக் காக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தது, நோய்க்கிருமி குடல்சுவரை நெருங்குவது எளிதாகிவிட்டது.

சரி, எவ்வளவு வேண்டும்? பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் தேறுவதே கஷ்டம், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 12 கிராம் இருக்கிறது. அதனால் சுண்டலைப் பண்டிகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் முதல் நாளே ஒரு கிண்ணம் வேண்டாம், வயிறு உப்பிக்கொள்ளும். ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள்.

அப்புறம் பழைய சோறு. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் நேரே பாக்டீரியாவின் பந்திக்குப் போகிறது. சூடு தணிந்ததும், மணிக்கணக்கில் வெளியே போட்டுவைக்காமல், சோறு மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். விடிந்து மூடியைத் திறந்தால் மேலே பொடிப்பொடியாய்க் குமிழி, மூக்கில் லேசான புளிப்பு வாசம். அதுதான் பதம். நூல் விட்டாலோ ஊசிப்போன வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நான்கைக் கடித்துக்கொள்ளுங்கள், வெங்காயத்தின் நார்ச்சத்தும் குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு, இதுவும் சோறுதான்.

புளித்த உணவையும் விடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 10 வாரம் தயிர், கிம்ச்சி (கொரியர்கள் முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துச் செய்வது) மாதிரி புளித்தவற்றை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களுக்கு அந்த 10 வாரத்தில் வகைகள் கூடவில்லை. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். இட்லி மாவு புளித்ததுதானே என்று கேட்பீர்கள், ஆவியில் வெந்ததும் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். வீட்டுத் தயிரும் மோரும் அப்படியல்ல.

கேப்சூலுக்கு வருகிறேன். இஸ்ரேலில் 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தப் பாக்டீரியா, எதுவுமே எடுக்காதவர்களுடையதைவிடத் தாமதமாகத்தான் திரும்பி வந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் எடுங்கள், நீங்களாக வாங்க அவசரப்படாதீர்கள். ஆன்டிபயாட்டிக்கையும் பாதியில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்த மருந்துக்குப் பிறகு தண்ணீராக அடிக்கடி பேதி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்றால் மோரை நம்பி உட்காராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள், கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்றாக இருக்கலாம். கீமோ எடுப்பவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் பழைய சோற்றைத் தொடும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.