மூன்று குழாயா, இரண்டு சட்டமா? ஆறே வரியில் ஓர் இருக்க முடியாத உருவம்

```
 _____________________
(_)___________________\
 _________________     |
(_)____________| |     |
 _______________\|     |
(_)____________________|
```

வலப்பாதியைக் கையால் மறையுங்கள்: மூன்று உருண்டைக் குழாய்கள். இடப்பாதியை மறையுங்கள்: இரண்டு சதுரச் சட்டங்கள். 'பிசாசு முட்கரண்டி' என்று பெயர் பெற்ற உருவம் இது. 1964-இல் டி. எச். ஷஸ்டர் என்பவர் அமெரிக்க உளவியல் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார். 1965 மார்ச்சில் 'மேட்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் அட்டையிலும் இடம்பிடித்தது. எழுத்துக்குறி ஓவியம், அதாவது விசைப்பலகைக் குறிகளாலேயே படம் வரைவது, பழகுகிறவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. நிழல் தீட்டினால் கெட்டுப்போகும் உருவம் இது. வெறும் கோடுகளில்தான் நிற்கும்.

தயாரிப்பு

நோட்பேடைத் திறந்து, எழுத்துருவை கூரியர் நியூ அல்லது கன்சோலாஸ் என்று மாற்றுங்கள். எல்லாக் குறிகளும் ஒரே அகலத்தில் இருப்பது கட்டாயம். டேப் விசையைத் தொட வேண்டாம், ஸ்பேஸ் மட்டும்.

வரி வரியாக

1. ஒரு ஸ்பேஸ், 21 அடிக்கோடு ( _ ).
2. (_) அடுத்து 19 அடிக்கோடு, பிறகு \
3. ஒரு ஸ்பேஸ், 17 அடிக்கோடு, 5 ஸ்பேஸ், பிறகு |
4. (_) அடுத்து 12 அடிக்கோடு, | , ஒரு ஸ்பேஸ், | , 5 ஸ்பேஸ், |
5. ஒரு ஸ்பேஸ், 15 அடிக்கோடு, உடனே \| , 5 ஸ்பேஸ், |
6. (_) அடுத்து 20 அடிக்கோடு, |

சரிபார்க்க: 3 முதல் 6 வரையான வரிகளில் கடைசி | 24-ஆம் இடத்தில் விழ வேண்டும். நான்காம் வரியின் இரண்டாவது |, ஐந்தாம் வரியின் முதல் | இரண்டும் 18-ஆம் இடத்தில்.

கண் ஏமாறுவது எங்கே?

கிடைக்கோடுகள் ஆறு. இடமுனையில் அவை இரண்டிரண்டாகச் சேர்கின்றன. ஒரு குழாய்க்கு இரண்டு கோடு, ஆக மூன்று குழாய். வலமுனையில் மூன்று மூன்றாகச் சேர்கின்றன. முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவே மேல்சட்டத்தின் மேல்முகம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அதன் முன்முகம். கீழ்ச்சட்டமும் அப்படியே. இப்போது மூன்றாம், நான்காம் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். இடப்பக்கம் அது நடுக்குழாயின் உடல். வலப்பக்கம் வெறும் வெளி. பொருளாக இருந்தது எந்த இடத்தில் வெற்று வெளியாக மாறியது என்று விரல் வைத்துக் காட்டவே முடியாது, ஏனென்றால் நடுவில் எல்லைக்கோடே இல்லை. நான்காம், ஐந்தாம் வரிகளின் வலமுனையில் உள்ள | | மற்றும் \| சின்னதாகத் தெரிந்தாலும் மிக முக்கியம்: சட்டத்தின் தடிமனை அவைதாம் காட்டுகின்றன. அவற்றை விட்டுவிட்டால் வலப்பக்கம் தட்டையாகிவிடும்.

வழக்கமாகக் கெடும் இடங்கள்

வலப்பக்க | குறிகள் கோணலாக நின்றால் எழுத்துரு மாறியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் முன்னும் பின்னும் ``` இட்டால் சம அகல எழுத்து கிடைக்கும். வேர்டில் வரைய வேண்டாம். அடிக்கோடுகளைத் தட்டி என்டர் அழுத்தினால் அதுவாகவே பக்க அகலத்துக்கு ஒரு கோடு போட்டுவிடும். வலைப்பக்கத்தில் ஸ்பேஸ்கள் ஒன்றாகச் சுருங்கினால் 'பிரீ' (<pre>) என்ற HTML குறிக்குள் வையுங்கள். | குறிகள் துண்டு துண்டாகத் தெரிந்தால் வரி உயரத்தை 1 ஆகக் குறையுங்கள்.

நீளத்தை மாற்ற, ஆறு வரிகளிலும் ஐந்தாம் இடத்துக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் அடிக்கோடுகளைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். ரொம்பக் குறைத்தால் இரண்டு முனைகளும் ஒரே பார்வையில் விழுந்து முரண் உடனே வெளிப்பட்டுவிடும். கூட்டும்போது கைபேசித் திரையில் வரி மடங்காத அளவோடு நிறுத்துங்கள்.