வீல்சேர் பராமரிப்பு: வாரம் அரை மணி நேரம் போதும்

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். உப்புக்காற்று, தெருவெல்லாம் மணல். அம்மாவுக்கு வாங்கிய முதல் வீல்சேர் ஒன்றரை வருடம்தான் வந்தது. பெரிய சக்கரம், சீட், கைப்பிடி எல்லாம் நன்றாகவே இருந்தன. முன்னாலுள்ள சின்னச் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் மட்டும் ஒடிந்து, வாசலிலேயே அம்மா முன்பக்கமாகச் சரிந்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு காலை என் கையில் ஸ்பானர்.

வீல்சேருக்கான ஐஎஸ்ஓ 7176 என்ற சர்வதேசத் தரத்தில் உறுதிச் சோதனை உண்டு. பட்டை பதித்த உருளைகள் மேல் 2,00,000 சுற்று ஓட்டுவார்கள், 5 செ.மீ. உயரத்திலிருந்து 6,666 தடவை கீழே விடுவார்கள். ஆனால் அந்தச் சோதனையில் மணலும் இல்லை, உப்பும் இல்லை. நம் தெருவுக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையானவை: 10, 13 நம்பர் ஸ்பானர், ஆலன் கீ செட், சைக்கிள் பம்பு, பழைய டூத் பிரஷ், சின்னக் கத்தரிக்கோல், கொஞ்சம் சைக்கிள் ஆயில்.

படி 1: முன்சக்கரம்

பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். சாக்கை விரித்து வண்டியைத் தலைகீழாக வையுங்கள். சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அச்சைப் பாருங்கள். போன வாரம் எனக்குக் கிடைத்தது: அம்மாவின் நரைமுடி, சேலை நூல், பூக்கட்டிய வாழைநார், எல்லாம் மணலோடு சேர்ந்து கயிறு போல இறுகிய ஒரு சுருள். கத்தரித்து, ஊக்கால் நெம்பி எடுங்கள்.

பிறகு விரலால் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் ஓடினால் சரி. கரகரவென்றால் பேரிங்குக்குள் மணல் போய்விட்டது. ஆயில் விட்டால் இரண்டு நாள் அடங்கும், அவ்வளவுதான், பேரிங்கையே மாற்றுங்கள். அதன் ஓரத்தில் நம்பர் பொறித்திருக்கும். பழையதைக் கழற்றிக்கொண்டு பேரிங் கடைக்குப் போய், இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டதாகக் கேளுங்கள். நம்பரின் கடைசியில் 2ஆர்எஸ் என்று இருக்கும்.

அடுத்து ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் மேல் மூடியை நெம்பி, உள்ளேயுள்ள நட்டை இறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் வண்டி திரும்பாது. ஆட்டம் நின்று, ஃபோர்க் தாராளமாகத் திரும்பும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வெல்டிங் வைத்த இடங்களைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் மேல் முடி போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். சரிசெய்யும் வரை யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

படி 2: காற்றும் பிரேக்கும்

வீல்சேர் பிரேக் டயரைத்தான் அழுத்திப் பிடிக்கும். காற்று குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது. அதனால் பிரேக்கை இறுக்கும் முன் காற்று அடியுங்கள். எவ்வளவு என்று டயர் ஓரத்திலேயே போட்டிருக்கும். பிரேக்கைப் போட்டு வண்டியைத் தள்ளினால் சக்கரம் சுற்றக் கூடாது. டயர் அளவையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பல வண்டிகளில் 24 × 1 3/8 என்று இருக்கும். சைக்கிள் கடையில் கேட்டுப் பாருங்கள். சக்கரக் கம்பி தளர்ந்தாலும், சக்கரத்தில் கோட்டம் விழுந்தாலும் அதே கடைக்காரர்தான் நமக்கு மெக்கானிக்.

படி 3: போல்ட்டும் சட்டமும்

சீட்டுக்கு அடியில் எக்ஸ் மாதிரி இருக்கும் குழாய்களின் நடு போல்ட்டைத் தவறாமல் பாருங்கள். நைலான் வளையம் வைத்த நட்டை நாலைந்து தடவை கழற்றினால் பிடிப்பு போய்விடும், புதிது போடுங்கள். குழாய் விரிசலுக்கு வெல்டிங் வைக்கும்போது சீட் துணியைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாய் என்று வெல்டிங்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை விழுந்துவிடும்.

படி 4: துடைப்பது

நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். பேரிங் பக்கம் ஹோஸ் பைப்பைக் காட்டாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மணல் அப்பிக்கொள்ளும். சைக்கிள் ஆயில் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

படி 5: சீட்

துணி தொய்ந்திருக்கிறதா, மெத்தை நடுவில் அமுங்கிவிட்டதா என்று கையை வைத்துப் பாருங்கள். தொய்ந்த சீட்டில் உட்காருபவருக்கு இடுப்பெலும்புப் பக்கம் புண் வரும். உணர்ச்சி இல்லாதவர்களுக்கு வலிகூடத் தெரியாது. அதனால் உட்காருபவரின் தோலையும் தினமும் பாருங்கள். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்போ, கருத்த தோலில் வழக்கத்தைவிடக் கருத்த திட்டோ தெரிந்தால், அன்று வண்டியில் உட்கார வைக்க வேண்டாம். அந்த இடம் அழுந்தாமல் படுக்க வைத்துவிட்டு நர்ஸிடம் காட்டுங்கள்.