மரத்தளக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீடுகள் சிலவற்றில் குளியலறைத் தரை இன்னும் மரப்பலகைதான். தயவுசெய்து அதன்மேல் நேரடியாக சிமெண்ட் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டாதீர்கள். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், கால் வைத்தால் லேசாக அமுங்கும், டைல் இதற்கெல்லாம் வளைந்து கொடுக்காது, இடுக்கில் விரிசல் விட்டு தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் பலகைகளைக் குத்திப் பாருங்கள், முக்கியமாக டாய்லெட்டைச் சுற்றியும் வடிகுழாய் ஓரத்திலும். முனை சுலபமாக இறங்கி, கருத்த ஈரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பலகை இற்றுவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். அடியில் தாங்கும் கட்டைகளையும் பார்த்துவிடுங்கள். ஆட்டம் இருந்தால் ஆசாரியிடம் சொல்லி நடுவில் குறுக்குக் கட்டைகள் கொடுக்கலாம்.

தண்ணீர் வாட்டத்தை இந்தக் கட்டத்திலேயே ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும், டைல் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொன்னால் விடாதீர்கள்.

அப்புறம் பலகைமேல் ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், அதன்மேல் சிமெண்ட் போர்டு. இரண்டின் இணைப்புகளும் ஒரே கோட்டில் வரக்கூடாது. போர்டு இணைப்புகளில் வலை டேப் ஒட்டி, வாட்டர்புரூஃபிங் பூச்சை இரண்டு கோட்டிங், சுவரிலும் 15 செ.மீ. ஏற்றி அடியுங்கள். டைலுக்கு பாலிமர் கலந்த பசைதான் சரி, சுவரோர இடைவெளிக்கு சிலிகான்.

மழையும் மூடுபனியுமான மாதங்களில் பூச்சு காய ரொம்ப நேரம் எடுக்கும், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.